செகண்ட்ஹேண்ட் ஆல்ட்டோ வாங்கப் போறீங்களா? வண்டி விலையைவிட இந்தக் கணக்கு முக்கியம்!

'டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு!' செகண்ட்ஹேண்ட் கார் தேடி இறங்கிய யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. நம் ஊரில் இத்தனை டாக்டர்கள் ஆல்ட்டோதான் ஓட்டினார்களா என்று சந்தேகமே வந்துவிடும். ஆனால், அந்த வசனத்தில் உண்மையான சிக்கல் டாக்டர் இல்லை. அந்த 38,000 கிலோமீட்டர்தான். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் வேலை, முதல் சம்பளம், வீட்டில் வயசான அப்பா அம்மா, மழைக்காலத்தில் பைக்கில் நனைந்த கடுப்பு என ஒரு சின்ன கார் வாங்க ஆயிரம் காரணம் இருக்கும். புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கும்போது பலருடைய கண்ணும் போய் நிற்கிற இடம் மாருதி ஆல்ட்டோ. வாங்குற விலை கைக்கு அடக்கமாத்தான் இருக்கும். 'வாங்கின பிறகு மாசம் எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டு வாங்கினால் ஆல்ட்டோ உங்களுக்கு நல்ல நண்பன். கேட்காமல் வாங்கினால், மாசக் கடைசியில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டே வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு இ.எம்.ஐ கட்டுவீர்கள்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஆல்ட்டோ?

ஆல்ட்டோ இந்தியாவுக்கு வந்தது 2000-ல். இன்று மார்க்கெட்டில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டு வகை.

ஒன்று, ஆல்ட்டோ 800. 2012 அக்டோபரில் வந்து, 2023-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பவர் 48 பி.எஸ்-தான். 'இதை வெச்சு என்ன பண்றது?' என்று தோன்றும். ஆனால், வண்டியின் எடையே சுமார் 700 கிலோ என்பதால் சிட்டிக்குள் தாராளமாகப் போதும். நான்கு பேர் ஏறி, ஏ.சி போட்டு, ஏற்காடு மலை ஏறும்போதுதான் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, ஆல்ட்டோ கே10. 2010-ல் முதல் மாடலும், 2014-ல் அடுத்த மாடலும் வந்தன. 2020-ல் விற்பனை நின்று, 2022 ஆகஸ்ட்டில் புது இன்ஜினோடு திரும்பி வந்தது. 998 சிசி என்பதால் ஹைவேயில் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. 2014 மாடலில் இருந்து கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி-யும் கிடைக்கிறது. பழைய ஏ.எம்.டி-யில் கியர் மாறும்போது வெட்டி இழுத்தாலோ, மீட்டரில் கியர் வார்னிங் வந்தாலோ தள்ளி நில்லுங்கள். கிளட்ச்சை இயக்குகிற ஆக்சுவேட்டர் போனால், மேனுவல் வண்டியின் கிளட்ச் செலவைப்போல சில மடங்கு ஆகும்.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. 800-ன் இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட். கே10-ல் டைமிங் செயின். இந்த ஒரு வித்தியாசம்தான் நம் 38,000 கிலோமீட்டர் கதைக்குள் கொண்டுபோகிறது.

குறைந்த கிலோமீட்டர் என்றால் நல்ல வண்டியா?

டைமிங் பெல்ட் என்பது ரப்பரால் ஆனது. இன்ஜினின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கு அதுதான் பொறுப்பு. அது அறுந்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே நின்றுவிடும். கெட்ட நேரமாக இருந்து வால்வுகளும் வளைந்துவிட்டால், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரமாகிவிடும்.

இந்தப் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ஓனர் மேனுவலில் போட்டிருக்கும். 'அவ்ளோ தூரம் இன்னும் ஓடலையே' என்று யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால், ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. 2014 மாடல் வண்டி 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், அதில் இருப்பது பத்து வருஷத்தைத் தாண்டிய அதே ஒரிஜினல் பெல்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ட் மட்டுமா? கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், வைப்பர், டயர் என ரப்பர் எல்லாமே நிற்க நிற்கவும் கெடும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேட்டரி தானாக இறங்கும். பானெட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தி ஒயரைக் கடித்து வைத்திருக்கும். அதனால், ஒழுங்காக சர்வீஸ் செய்து 80,000 ஓடிய வண்டி, வீட்டு வாசலில் தூங்கிய 38,000 கிலோமீட்டர் வண்டியைவிடப் பல நேரம் நல்ல டீல்.

அதுவும் அந்த 38,000 உண்மையாக இருந்தால்தான்! மீட்டரைத் திருப்புவது இன்றைக்கும் நடக்கிற வேலை. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கும் கியர் நாப்பும் பளபளக்கிறதா, டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். மீட்டர் ஒன்று சொல்லி, பெடல் வேறு சொன்னால், பெடலை நம்புங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற ரெக்கார்டு அங்கே இருக்கும். ஓனரையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் எதுக்கு பாஸ்?' என்று அவர் தயங்கினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆல்ட்டோவில் அடிக்கடி வரும் கோளாறுகள்

ஆல்ட்டோ எளிமையான வண்டி. பெரும்பாலான கோளாறுகள் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வரும். அந்தச் சத்தத்தைப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

கிளட்ச்: சிட்டி டிராஃபிக்கில் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டிய வண்டி என்றால் முதலில் போவது இதுதான். பெடலை முழுக்க விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறதா? மேட்டில் நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? கருகிய வாடை வருகிறதா? கிளட்ச் செட் மாற்ற வேண்டும். கூலியோடு சேர்த்து 5,000 முதல் 7,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கூலிங் சிஸ்டம்: கோடிக்கணக்கில் தண்ணீர் குடித்த ரேடியேட்டர்கள் நம் ஊரில் உண்டு. கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். உள்ளே துரு பிடித்து, ரேடியேட்டர் அடைத்து, சித்திரை வெயில் டிராஃபிக்கில் இன்ஜின் கொதிக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காபி கலரில் தண்ணீர் இருந்தால் உஷார். இன்ஜின் ஆயில் மூடியின் உள்பக்கம் பால் ஏடு மாதிரிப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் சந்தேகம். அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன்: ஸ்பீடு பிரேக்கரில் 'கட கட' என்ற சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க், ஸ்ட்ரட் மவுன்ட் இதில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகம் ஏற ஏற வண்டு பறப்பதுபோல 'ம்ம்ம்' என்ற சத்தமும் ஏறினால் வீல் பேரிங். தனித்தனியாக எடுத்தால் எதுவும் பயப்படுகிற செலவு இல்லை. மூன்றும் சேர்ந்து வந்தால், 10,000 ரூபாயைத் தொட்டுவிடும்.

ஐடிலிங் பிரச்னை: சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கி, ஏ.சி போட்டதும் ஆஃப் ஆகிவிடுகிறதா? பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கும். சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் காயில், சென்சார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாவிட்டாலும் வண்டி மொத்தமாக உதறும்.

அதிர்வு: மூன்று சிலிண்டர் இன்ஜின் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. ஆனால் டேஷ்போர்டு, கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடனமாடினால் இன்ஜின் மவுன்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஏ.சி: கண்டென்சர் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் கல்லடி படும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால், அதில் லீக் என்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். 'கேஸ் மட்டும்தான் தம்பி இல்ல, அடிச்சுட்டா ஜில்லுனு ஆகிடும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. லீக் இருந்தால்தான் குறையும். டெஸ்ட் டிரைவ் முழுக்க ஏ.சி-யை ஓடவிடுங்கள்.

பெட்ரோல் பம்ப்: இது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி, அந்தப் பெட்ரோலாலேயே சூடு தணிந்து ஓடுகிற பாகம். எப்போதும் ரிசர்வில் நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டிய வண்டியில் இதன் ஆயுள் குறையும். நீங்கள் வாங்கிய பிறகாவது கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

துரு: சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் கதவின் அடி விளிம்பு, காலடி மேட்டுக்குக் கீழே, ஸ்டெப்னி குழி இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெக்கானிக்கல் கோளாறைச் சரிசெய்துவிடலாம். பாடியை அரித்த துருவை முழுசாகச் சரிசெய்வது கஷ்டம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் மிதந்தன என்பதைப் பார்த்தோம். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம். அந்த வண்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, பாலிஷ் போட்டு மார்க்கெட்டுக்கு வந்தவையும் உண்டு.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுத்தம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மறக்கும் இடம் இது. சேற்றுக்கறை கோடாகத் தெரியும். தரை மேட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருவேறியிருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் மண் கோடு இருக்கிறதா, பவர் விண்டோ ஒரே வேகத்தில் ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். காருக்குள் தூக்கலான சென்ட் வாடை அடித்தால், அது எதையோ மறைக்கத்தான்.

மூழ்கிய வண்டியின் பிரச்னை இன்றைக்குத் தெரியாது. ஒயரிங் கனெக்டர்களுக்குள் மெதுவாகப் பாசி பிடித்து, ஆறு மாசம் கழித்து நடுரோட்டில் தெரியும். எவ்வளவு குறைச்சல் விலை என்றாலும் வேண்டாம்.

ஒரு மணி நேர டெஸ்ட்

'நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து பிரச்னையை மறைத்திருக்கலாம்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சாவி திருப்பிய உடனே பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது. வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால், அந்த பல்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம்!

பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டிராஃபிக், மேடு, மோசமான ரோடு மூன்றும் அதில் இருக்கட்டும். காலியான நேர்ச் சாலையில் பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷம் தாண்டிய டயருக்கு விலையில் குறைத்துப் பேசலாம்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்தான் இந்த மொத்தக் கதையிலும் நீங்கள் செய்யும் உருப்படியான முதலீடு.

பேப்பரில் இருக்கும் கோளாறுகள்

இன்ஜின் கோளாறை மெக்கானிக் சரிசெய்வார். பேப்பர் கோளாறுக்கு ஆர்.டி.ஓ ஆபீஸ்தான் அலைய வேண்டும்.

எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு ஆர்.சி, இன்ஷூரன்ஸ், கடன் நிலுவை விவரங்களைப் பாருங்கள். இ-சலான் பக்கத்தில் கட்டாத ஃபைன் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பேங்க் லோன் முடிந்திருந்தாலும், ஆர்.சி-யில் ஹெச்.பி கேன்சல் ஆகியிருக்க வேண்டும். அதற்கு பேங்க் என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் தேவை. இன்ஜின் நம்பர், சேஸி நம்பர் இரண்டையும் ஆர்.சி-யோடு ஒப்பிடுங்கள். வெளியில் கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால், அது ஆர்.சி-யில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. 'சைன் போட்டுக் கொடுத்துடறேன், நீங்க மெதுவா மாத்திக்கங்க' என்பதுதான் பெரிய ஆபத்து. இது வாங்குகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் அதிக ஆபத்து. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர்; விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பழைய பைக்கை விற்றவர்களும் இதை ஒரு முறை செக் பண்ணிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் வண்டி இடிபட்டால், உங்கள் கார் டேமேஜுக்கு க்ளெய்ம் கிடைக்காமல் போகலாம். இன்னொரு விஷயம், 'நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவிகிதம் இருக்கு' என்று விற்பவர் சொன்னால் மயங்க வேண்டாம். அந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. அது அவரோடு போய்விடும். உங்கள் பிரீமியம் ஏறும்.

டெல்லி நம்பர் வண்டி ரொம்ப சல்லிசாகக் கிடைக்கும். 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை உத்தரவு வந்ததிலிருந்து, வயசான வண்டிகளுக்கு விலை இறங்கியதுதான் காரணம். ஆனால், என்.ஓ.சி வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்கிய பிறகு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வண்டியின் வயசும் பேப்பரில்தான் இருக்கிறது. ஓன் போர்டு காருக்கு ஆர்.சி 15 வருஷம். அதன் பிறகு எஃப்.சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 13 வருஷ வண்டியை வாங்கினால் இரண்டு வருஷத்தில் இந்தச் செலவு உங்கள் தலையில்.

இப்போ மாசக் கணக்குக்கு வருவோம்

ஆல்ட்டோ 800 வந்தபோது கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 22.74 கிலோமீட்டர். அது டெஸ்ட் நிலையில் கிடைத்த எண். ஏ.சி-யோடு சிட்டி டிராஃபிக்கில் ஓட்டும் பழைய வண்டிக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருவதையும் மறக்க வேண்டாம். எத்தனாலில் எரிசக்தி குறைவு. பழைய வடிவமைப்பில் உள்ள கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே கணித்திருந்தது. 2023-க்கு முந்தைய வண்டி என்றால், பெட்ரோல் லைனில் உள்ள ரப்பர் ஹோஸ்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

வருஷம் 10,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்: 588 லிட்டர், சுமார் 59,400 ரூபாய்.
சர்வீஸ் (ஆயில், ஃபில்டர், கூலி): 6,000 ரூபாய்.
இன்ஷூரன்ஸ்: 6,000 ரூபாய்.
டயர்: நான்கும் சேர்த்து சுமார் 12,800. நான்கு வருஷத்துக்கு வரும் என்றால் வருஷத்துக்கு 3,200 ரூபாய்.
பேட்டரி: நான்கு வருஷத்துக்கு 4,000. வருஷத்துக்கு 1,000 ரூபாய்.
ரிப்பேருக்கு எடுத்து வைப்பது: 12,000 ரூபாய்.
வாட்டர் வாஷ், பார்க்கிங், பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட்: 3,000 ரூபாய்.

மொத்தம் சுமார் 90,600 ரூபாய். மாசத்துக்கு 7,550. கிலோமீட்டருக்கு 9 ரூபாய். 'மைலேஜ் நல்லா கிடைக்கும், கிலோமீட்டருக்கு 6 ரூபாதான்' என்று நண்பர்கள் சொல்வது பெட்ரோல் கணக்கு மட்டும். மீதி 3 ரூபாய் யாரும் சொல்லாமல் விடுவது.

இன்ஷூரன்ஸில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: 1,000 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூன் முதல் அமலான தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. 800, கே10 இரண்டுக்கும் இதே ஸ்லாப்தான். ஆனால், இதில் உங்கள் காருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நீங்கள் இடித்த அடுத்தவருக்கு மட்டும்தான்.

லோன் போட்டால்? 1.5 லட்சம் ரூபாயை 15 சதவிகித வட்டியில் மூன்று வருஷத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ சுமார் 5,200. வட்டி மட்டும் 37,000 ரூபாய்க்கு மேல். ஆக, மாசத்துக்கு 7,550 + 5,200 = 12,750 ரூபாய். 30,000 சம்பளம் என்றால் அதில் நாற்பது சதவிகிதத்துக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் தைரியமாக இருக்கிறதா? அப்படியென்றால் தாராளமாக வாங்கலாம்.

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். 1.7 லட்சத்துக்குப் பாருங்கள். மீதி 30,000 முதல் மாசத்துக்கானது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர், ப்ளக் என எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். 800 என்றால் டைமிங் பெல்ட்டையும், பில் காட்டாதவரை மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அன்றைக்கு மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்துதான் உங்கள் வண்டியின் வரலாறு ஆரம்பம்.

கடைசியா, உயிர் கணக்கு

இதைச் சொல்லாமல் முடித்தால் தப்பாகிவிடும். 2014-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800, பெரியவர்கள் பாதுகாப்பில் வாங்கியது ஜீரோ ஸ்டார். ஏ.பி.எஸ் பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயமானது 2019-ல்தான். முன்சீட்டில் உட்காரும் இன்னொருவருக்கான ஏர்பேக் கட்டாயமானது 2021 டிசம்பர் கடைசியில். அதற்கு முந்தைய மாடல்களில் வேரியன்ட்டைப் பொறுத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா, சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தே இருந்தால் சிஸ்டம் வேலை செய்யவில்லை.

ஒரு 2014 மாடலுக்கும் 2020 மாடலுக்கும் விலையில் ஒரு லட்சம் வித்தியாசம் வரலாம். சிட்டிக்குள் ஆபீஸ் போய்வர மட்டும்தான் என்றால் பழையதில் சமாளிக்கலாம். குடும்பத்தோடு வாராவாரம் நான்குவழிச் சாலையில் ஊருக்குப் போகிறவர் என்றால், இன்னும் ஆறு மாசம் பைக்கிலேயே போய்க் காசு சேர்த்து, 2019-க்குப் பிறகான வண்டியாகப் பாருங்கள். எதை வாங்கினாலும், பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

ஆல்ட்டோவை நம்பி வாங்கலாமா? வாங்கலாம். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கை வைப்பார். 4.6 மீட்டர் டர்னிங் ரேடியஸில் நம் ஊர்ச் சந்துகளில் சுலபமாகத் திரும்பும். திரும்ப விற்கும்போதும் வாங்க ஆள் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியைப் பார்க்கப் போகும் அன்றைக்கு அட்வான்ஸ் பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, டார்ச் லைட்டையும் மெக்கானிக்கையும் மட்டும் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்து இந்தக் கணக்கை உங்கள் சம்பளத்தோடு ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதற்குள் அந்த 'டாக்டர் வண்டி' வித்துப்போயிடுச்சுன்னா போகட்டும். அதே மாதிரி இன்னொரு டாக்டர் வண்டி அடுத்த வாரமும் வரும்!